குடிக்காமலே குடியை விட்டவன்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்குக் காத்து ஆகாது, தும்மல் வந்துடும். ராசிபுரம் போறீங்களா? நல்லது. நான் அதுக்கு முன்னாடியே இறங்கிடுவேன், புளியங்கரட்டுக் கைகாட்டியில.

பாருங்க, ஊர் பேரைச் சொன்னதுமே உங்க மூஞ்சியில ஒரு சிரிப்பு வருது. 'சம்சாரம் ரேடியோவுல பேசி ஒரு ஆளு குடியை விட்டானாமே, அந்த ஊரா'ன்னுதானே கேக்க வர்றீங்க? அந்த ஊருதாங்க. அந்த ஆளும் நான்தான். பேரு அங்கமுத்து, தையக்காரன். ஆனா மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் குடிச்சதே இல்லைங்க. ஒரு சொட்டு கிடையாது, ஒரு வாய் கிடையாது. எங்கப்பா குடிச்சதில்லை, எங்கப்பாவோட அப்பா குடிச்சதில்லை. அப்படிப்பட்டவனைப் பாத்து 'குடியை விட்ட மகராசன்'னு சொன்னா எப்படி இருக்கும்? போன வாரம் சேலத்துல நூல்கண்டு வாங்கப் போறேன், கடைக்காரர் எழுந்து நின்னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "உங்க கதையைச் சொல்லித்தான் எங்க மச்சானைத் திருத்தினோம்"ங்கறாரு. நான் என்னத்தைச் சொல்றது? இல்லைன்னு சொன்னா அந்த மச்சான் மறுபடி கிளம்பிட்டான்னா? பேசாம நூலை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

வண்டி மல்லூர்ல நின்னு எஞ்சினுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் கிளம்பும், உங்களுக்கு நேரம் இருக்கு. நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

மதுவிலக்கு மொதமொதல்ல நம்ம சேலம் ஜில்லாவுலதானே வந்துச்சு, உலகச் சண்டைக்கு முன்னாடி. கள்ளுக்கடையை மூடினாங்க, சாராயக்கடையை மூடினாங்க, கஞ்சா அபின் எதுவும் கூடாதுன்னாங்க. சரி, மூடியாச்சு. பொழுது சாஞ்சா அந்த ஜனம் எங்க போகும்? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குமா? அதுக்காக சர்க்கார்ல சில ஊருக்கு ரேடியோ கொடுத்தாங்க. எங்க ஊருக்கும் ஒண்ணு வந்துச்சு. நல்ல கனமான மரப்பெட்டி. சாவடியில வெச்சு, வெளியே ரெண்டு மூங்கில் நட்டு ஏரியல் கட்டினாங்க. பேட்டரியில ஓடும். பொழுது சாயறப்ப ஆரம்பிச்சு ராச்சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேசும். அதைத் திறந்து மூடி, தூசி தட்டிப் பாத்துக்க ஒரு பொறுப்பான ஆளு வேணும்னாங்க. என் கடை சாவடிக்கு எதுத்தாப்புல. அதுவும் குடிப்பழக்கம் இல்லாத ஆளு. சாவியை எங்கிட்டக் கொடுத்துட்டாங்க.

அந்தச் சாவியைக் கையில வாங்கினப்ப எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்னிக்குக்கூட இல்லைங்க. தப்பா நினைக்காதீங்க, கல்யாணத்தன்னிக்கு எனக்கு வயித்து வலி.

என்னவெல்லாம் வெப்பாங்கன்னு கேக்கறீங்களா? நாயனம் வெப்பாங்க. கடலை என்ன வெலை, பருத்தி என்ன வெலைன்னு சொல்லுவாங்க. மெட்ராஸ்ல மழைன்னு சொல்லுவாங்க. நடுவுல மதுவிலக்கு வந்துடும். ஒரு டாக்டர் வந்து, குடிச்சா ஈரல் வெந்துபோகும்னு சொல்லுவாரு. அப்புறம் நாடகம். குடிகாரன் ஒருத்தன் வீட்டுல இருக்கற அண்டா குண்டாவை எல்லாம் வித்துடுவான், பொண்டாட்டி அழுவா, கடைசியில அவன் திருந்திடுவான். வாராவாரம் திருந்துவான். எங்க ஊரு ஜனத்துக்கு அவன் குடிக்கற வரைக்கும்தான் ருசி. திருந்தற இடம் வந்ததும் துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சுடுவாங்க. நான் மட்டும்தான் கடைசி வரைக்கும் கேப்பேன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதுங்களே.

மொதல்ல ஒரு மணி நேரம்தான் போய் உக்காந்தேன். அப்புறம் கொஞ்சம் முன்னாடியே போய் துடைச்சு வெக்கலாம்னு தோணுச்சு. அப்புறம் அதுக்கும் கொஞ்சம் முன்னாடி. கடைசியில பகல் சாப்பாடு முடிஞ்சதுமே சாவடிக்குப் போயிடுவேன். அது பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொர்ருனு ஒரு இரைச்சல் வரும் பாருங்க, அதுகூட எனக்கு இனிக்கும். காலையில எழுந்தா தலை கொஞ்சம் கனமா இருக்கும். சாயங்காலம் பெட்டி பேசினதும் தானா இறங்கிடும். ஒரு தடவை பேட்டரி மாத்தற லாரி வராம பேட்டரி தீந்து போச்சு. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கலை. கை நடுங்கி ஊசியில நூல் கோக்க முடியலை. பித்தம்தான், வேற என்ன? இஞ்சிச் சாறு குடிச்சேன். லாரி வந்ததும் பித்தம் தெளிஞ்சுது.

தொழிலா? தொழில் நல்லாத்தான் நடந்துச்சு. எஞ்சம்சாரம் பாவாயி கெட்டிக்காரி. பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்க நான்தான் கத்துக் கொடுத்தேன். பாத்துப் பாத்து அவளே வெட்ட ஆரம்பிச்சா, அவளே தைக்க ஆரம்பிச்சா. ஊர்ல பாதிச் சட்டை அவ தைச்சதுதான். ஆனா அளவு நான்தான் எடுப்பேன். தையல்ல அளவுதானே முக்கியம்? மணியக்காரர் சட்டைக்கு ஒரு கை நீளம் ஒரு கை குட்டைன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அன்னிக்கு நாடகம் உச்சத்துல இருந்த நேரம், மனுஷனுக்கு ரெண்டு கை இருக்குங்கறதே ஞாபகம் இல்லை.

பெட்டிக்கு ஒரு உறை தைச்சேன் பாருங்க, அது நானே தைச்சது. சிவப்பு சாட்டின், ஓரம் பூரா கொசுவம். ஊரே அசந்து போச்சு. பாவாயி தீபாவளி ரவிக்கைக்குன்னு எடுத்து வெச்சிருந்த துணி அது. அவ ஒண்ணும் சொல்லலை. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டா. இல்லை, சொல்லியிருப்பாளோ என்னவோ, நான் அந்த நேரம் பருத்தி வெலையை நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன். எங்கிட்ட ஒரு செடி பருத்தி கிடையாது, ஆனாலும் வெலை தெரிஞ்சிருக்கறது நல்லதுதானே.

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்தப்பதான் அந்த ஆபீசர் வந்தாரு. மதுவிலக்குப் பிரசார ஆபீசர். சின்ன வயசு, கதர்ச் சட்டை. தைச்சவன் யாரோ தெரியலை, தோள்பட்டை ரெண்டும் இறங்கிக் கிடந்துச்சு. சாவடியில ஊரைக் கூட்டி வெச்சுக் கேட்டாரு.

"இந்த ரேடியோ கள்ளுக்குப் பதிலாகக் கொடுத்தது. இந்த ஊரில் இதைக் கேட்டு ஒருத்தராவது திருந்தினாரா? மற்ற ஊர்களிலிருந்து எல்லாம் வந்து ரேடியோ நிலையத்தில் பேசுகிறார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒருத்தரும் இல்லை. இந்த மாசம் முடிவதற்குள் ஒரு ஆளைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ரேடியோ வேற ஊருக்குப் போகும்."

அந்தப் பெட்டி போயிட்டா அப்புறம் அந்த ஊர்ல நான் எதுக்கு? அந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. ஊருக்கும் கவலைதான், ஆனா அவங்க கவலை வேற. பக்கத்து ஊருக்காரன் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா மூஞ்சியில எப்படி முழிக்கறதுங்கற கவலை.

எங்க ஊர்ல உண்மையிலேயே குடியை விட்டவரு ஒருத்தர் இருந்தாரு. செங்கோடன்னு ஒரு மாட்டு வியாபாரி. முன்னெல்லாம் சந்தையில மாட்டை வித்துட்டு, மாடு எந்தப் பக்கம் போச்சு தான் எந்தப் பக்கம் போறோம்னு தெரியாம வருவாரு. சுத்தமா விட்டுட்டாரு. அவரைக் கொண்டுபோய் ஆபீசர் முன்னாடி நிறுத்தினேன். "ரேடியோவைக் கேட்டுத்தானே விட்டீங்க?"ன்னு ஆபீசர் கேட்டாரு. "இல்லை சாமி, கடையைச் சாத்திட்டீங்க, விட்டுட்டேன். பெட்டி பேசினாலும் விட்டிருப்பேன், பேசாட்டியும் விட்டிருப்பேன்"னாரு மனுஷன். இதைப் போய் எப்படி ஒலிபரப்பறது? ஆபீசர் நெத்தியைத் தேச்சுக்கிட்டாரு.

"சம்சாரம் வந்து பேசினால் ரொம்ப நல்லது. கேட்கிறவர்கள் மனசு இளகும்"னாரு. செங்கோடன் சம்சாரம் போய்ச் சேந்து ரொம்ப வருஷம். மத்த பொம்பளைங்க ஒருத்தரும் மசியலை. "எம் புருஷன் குடிச்சான்னு ஜில்லாவுக்கே நான் தமுக்கடிக்கணுமா? வேற ஆளைப் பாருங்க"ன்னு கதவைச் சாத்திட்டாங்க. குடிச்சதை ஊரே பாத்திருக்கு. ஆனா வாயால சொன்னா அது வேறயாம்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. "ஏங்க, குடிச்சவன் சம்சாரம்தான் பேசணுமா? நல்லாப் பேசற சம்சாரமா இருந்தாப் போதாதா? நாடகத்துல பேசறவங்க எல்லாம் நிசமாவா பேசறாங்க?"ன்னு கேட்டேன். ஆபீசர் யோசிச்சாரு. அவருக்கும் மேல ஒரு ஆபீசர் இருப்பாருங்களே, அவருக்கும் மாசம் முடியுதே. தலையை ஆட்டிட்டாரு.

வீட்டுக்குப் போய் பாவாயிகிட்டச் சொன்னேன். இந்த மாதிரி, நீ போய் ரேடியோவுல பேசணும், இல்லைன்னா பெட்டி போயிடும். அவ மெஷினை மிதிக்கறதை நிறுத்தினா. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"நான் அதுல பேசினா நீங்க கேப்பீங்களா?"

"இது என்ன கேள்வி? ஒரு வார்த்தை விடாமக் கேப்பேன்"னேன்.

"அப்ப போறேன்"னா.

பாத்தீங்களா, ஊர் மானத்துக்காக எப்படி உடனே ஒத்துக்கிட்டா. அந்த விஷயத்துல அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆபீசர் சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணினா. முதல் வரியிலயே தகராறு. 'என் கணவன் முனியன் ஒரு பெருங்குடிகாரன்' அப்படின்னு ஆபீசர் சொல்லிக் கொடுத்தாரு. இவ வாயை மூடிக்கிட்டா. "ஏம்மா?"ன்னா, "முனியன் யாரு?"ன்னு கேட்டா. "யாருமில்லை, சும்மா ஒரு பேர்." "யாரோ ஒருத்தன் பேரைச் சொல்லி, அவன் எம் புருஷன்னு என் வாயால சொல்லணுமா? என் நாக்கு அழுகிப் போகாது?" ஆபீசர் திகைச்சுப் போனாரு. "சரி, உங்க வீட்டுக்காரர் பேரையே சொல்லிடுங்க"ன்னாரு, படிச்ச மனுஷன். கட்டின புருஷன் பேரை எந்தப் பொம்பளை வாயால சொல்லுவா? அடுத்தவன் பேரும் சொல்ல முடியாது, சொந்தப் புருஷன் பேரும் சொல்ல முடியாது. அப்புறம் 'எங்க வீட்டுக்காரர்'னு மட்டும் சொல்லிக்கட்டும்னு முடிவாச்சு. எனக்கு வந்த வினை எல்லாம் அங்கதாங்க ஆரம்பம்.

ரேடியோ ஸ்டேஷனுக்கு ரயில்ல போகணும். நானும் கூட வரணும்னு ஆபீசர் சொன்னாரு. நான் எப்படிங்க போறது? நான் போயிட்டா இங்க பெட்டியை யார் திறக்கறது? ஊர் எப்படிக் கேக்கும்? எங்க அக்காவைத் துணைக்குச் சேத்து ஆபீசரோட அனுப்பினேன். பாவாயி வண்டியில ஏறறப்ப திரும்பித் திரும்பிப் பாத்தா. நான் கையைக் காட்டிட்டு, பேட்டரிக்குத் தண்ணி விடற வேலை இருந்துச்சு, வந்துட்டேன்.

டிக்கெட்டா? எடுத்துட்டேங்க கண்டக்டர், இதோ. இவரு எடுத்துட்டாரா பாருங்க.

எங்க விட்டேன்? ஆங். அவ பேசின அன்னிக்குச் சாவடியில எள்ளு போட்டா கீழே விழாது. பொம்பளைங்க எல்லாம் எந்தக் காலத்துலயும் வராதவங்க, வந்து கூட்டமா நின்னாங்க. உறையை எடுத்தேன். பெட்டி கொர்ருனுச்சு. கடலை வெலை முடிஞ்சுது. அடுத்ததா, குடியை விட்டவர் வீட்டிலிருந்து ஒரு அம்மா பேசுவாங்கன்னு சொன்னாங்க.

கொஞ்ச நேரம் மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் பாவாயி குரல். நம்ப மாட்டீங்க, அவ்வளவு நல்ல குரல்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"எல்லாருக்கும் கும்பிடுங்க. நான் புளியங்கரட்டுத் தையக்காரர் சம்சாரம் பேசறேன்."

போச்சா? பேரைச் சொல்லலை, மத்த எல்லாத்தையும் சொல்லிட்டா. ஆனா அது பெருசில்லைங்க. அதுக்கப்புறம் அவ பேசினாளே, அந்தப் பேச்சு. ஆபீசர் சொல்லிக் கொடுத்ததுல ஒரு வரி இல்லை. எல்லாம் சொந்தக் கற்பனை. எனக்கு இன்னிக்கும் மறக்கலை.

"எங்க வீட்டுக்காரரு நல்லவருங்க. கை நீட்டினதில்லை, வைய மாட்டாரு. ஆனா பொழுது சாஞ்சா அவருக்கு இருப்பு கொள்ளாது. இப்பல்லாம் பொழுது சாயறது வரைக்கும்கூட இல்லை. சோத்துல கை வெச்சிருக்கறப்பவே கண்ணு அங்க போயிடும். நான் விளக்கு ஏத்தி வெச்சுட்டு ஒத்தையில உக்காந்திருப்பேன். சோறு ஆறிப் போகும். வர்றப்ப பாடிக்கிட்டே வருவாரு. நான் ஒண்ணு கேட்டா அவரு ஒண்ணு சொல்லுவாரு. எனக்குக் காய்ச்சல் அடிக்குதுன்னு சொன்னேன். மெட்ராஸ்ல மழையாம்னாரு."

கூட்டத்துல யாரோ பொம்பளை 'அடப் பாவமே'ன்னா. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எப்பேர்ப்பட்ட குடிகாரனைக் கண்ணு முன்னாடி கொண்டு வந்து நிறுத்தறா. அந்த மெட்ராஸ் மழையை நான் ஒரு தடவை சொல்லியிருக்கேன்தான். அதை எடுத்து இங்க ஒட்டுப்போட்டுட்டா. கெட்டிக்காரின்னு சொன்னேனே.

"எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். கல்யாணம் ஆன புதுசுல நானும் அவரும் ஒரே துணியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு ஓரம் அடிப்போம். பேசிக்கிட்டே அடிப்போம். அது வேணும் எனக்கு. இந்த ஊர்ல கள்ளுக்கடையை மூடினாங்க, எத்தனையோ பேரு வீட்டுக்கு வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும் வீட்டை விட்டுப் போயிட்டாருங்க. அவரு அதை விட்டுட்டாருன்னு சொல்லணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. விட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நாளைக்குப் பொழுது சாயறப்ப எங்க ஊரு கைகாட்டியில நான் பஸ்ஸை விட்டு இறங்குவேன். அங்க வந்து நின்னாருன்னா விட்டுட்டாருன்னு அர்த்தம். வரலைன்னா..."

அதுக்குள்ள நாயனம் வெச்சுட்டாங்க.

நாயனமும் அருமையா இருந்துச்சு. ஆனா ஒரு ஆளு அதைக் கேக்கலைங்க. அத்தனை பேரும் என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. எஞ்சம்சாரம் இவ்வளவு அழகாப் பேசினா பின்ன பாக்க மாட்டாங்களா? எனக்குப் பெருமை தாங்கலை.

கூட்டம் கலைஞ்சதும் செங்கோடன் வந்து எம் பக்கத்துல உக்காந்தாரு. என் கைமேல கையை வெச்சாரு. "தம்பி, நானே விட்டேன். உன்னால முடியாதா? மொத நாலு நாள்தான் கஷ்டம். கை நடுங்கும், தூக்கம் வராது. நிறைய மோரு குடி. அந்த நேரம் வந்தா அந்தத் தெருப் பக்கமே போகாதே"ன்னாரு.

இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு? நாடகம்னு புரியலை பாவம். "அண்ணே, நான் என்னிக்கு அண்ணே குடிச்சேன்?"னேன்.

"அது கிடக்கட்டும். நாளைக்குக் கைகாட்டிக்குப் போறியா?"

"நாளைக்கு எப்படிண்ணே? அதே நேரம் பெரிய வித்வான் நாயனம் இருக்கு. அக்கா கூட வர்றா, ரெண்டு பேரும் நடந்து வந்துடுவாங்க. கூப்பிடு தூரம்தானே."

அவரு பெருமூச்சு விட்டுட்டு எழுந்து போனாரு.

மறுநாள் மத்தியானம் வந்து கத்திரிக்கோல் கேட்டாரு. மாட்டு வாலு முடி வெட்டணுமாம். தையக்காரன் கத்திரியை யாருக்கும் கொடுக்க மாட்டான், துணியைத் தவிர வேற எதுமேலயும் படக்கூடாது. ஆனா விடலை மனுஷன். கொடுத்தேன். கத்திரி திரும்பி வந்தப்ப அதோட வாய் நெளிஞ்சு போயிருந்துச்சு. வாலு முடியை வெட்டினா கத்திரி நெளியுமா? என்ன மாடு வெச்சிருக்காரோ.

சாயங்காலம் வழக்கம் போலப் போய் உறையை எடுத்தேன். ஊரே வந்து உக்காந்திருந்துச்சு. திறந்தேன். சத்தம் இல்லை. கொர்ருகூட இல்லை. பேட்டரியைத் தொட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. பின்னாடி போய்ப் பாத்தா ஏரியல் வயர் துண்டாக் கிடக்கு.

"எலி"ன்னாரு செங்கோடன். நான் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு.

எலிதான். எங்க ஊரு எலி நறுக்குனு நேரா வெட்டும், பிசிறே இருக்காது. மறுநாள் பாத்தா அதே வயரை யாரோ முறுக்கி ஒட்டுப்போட்டு வெச்சிருந்தாங்க. அது வேற கதை. அன்னிக்கு வயரைக் கையில வெச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்தேங்க. மாசம் முடியப் போகுது, ஆபீசர் வர்றாரு, பெட்டி செத்துக் கிடக்கு. ஒருத்தருக்காவது பதட்டம் இருக்கணுமே? எல்லாரும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காங்க.

செங்கோடன் என் தோளைப் பிடிச்சு உலுக்கினாரு. "ஏம்பா, ஆபீசர் இந்த பஸ்ஸுலதானே வர்றாரு? ஓடு. இறங்கின உடனே அவருகிட்டச் சொல்லி ரிப்பேர்க்காரனை வரவழை. அவரா வந்து பாத்தா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாரு."

ஓடினேன். என் ஜென்மத்துல அப்படி ஓடினதில்லை. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வழி பூரா ஆபீசர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டே ஓடினேன். 'ஐயா, எலி கடிச்சுடுச்சுங்க ஐயா, எங்க கவனக்குறைவு இல்லைங்க ஐயா.' திரும்பிப் பாத்தா மொத்த ஊரும் எம் பின்னாடி ஓடி வருது. பெட்டிமேல அவங்களுக்கும் அவ்வளவு பாசம்னு அப்பத்தான் புரிஞ்சுது.

நான் போறதுக்கும் பஸ் வந்து நிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. ஆபீசர் இறங்கினாரு. எங்க அக்கா இறங்கினா. அப்புறம் பாவாயி.

அவ தலையைத் தூக்காமலே இறங்கினாங்க. தரையைப் பாத்துக்கிட்டே இறங்கினா. மொதல்ல என் காலைப் பாத்தா. அப்படியே நின்னுட்டா. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, மூஞ்சியைப் பாத்தா.

என்னத்தைச் சொல்றது? இளைச்சிருந்தா. ஊருக்குப் போய் வந்த ஒரு ராத்திரியில ஒரு மனுஷி அப்படி இளைக்க முடியுமான்னு நான் இன்னிக்கும் யோசிக்கறேன். புருவத்துக்கு மேல ஒரு தழும்பு.

"இது எப்பப் பட்டுச்சு?"ன்னேன்.

"மாசி மாசம். விறகு தெறிச்சுது. சொன்னேனே"ன்னா.

"வலிச்சுதா?"ன்னேன்.

அவ அழுதுட்டாங்க. நடுரோட்டுல, அத்தனை பேருக்கு முன்னாடி, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழறா. பயணக் களைப்புன்னு நினைச்சேன். அவ கையில இருந்த மூட்டையை வாங்கிக்கிட்டேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஊரு பாக்குதுங்கற நினைப்பே இல்லைங்க. எங்க ஊர்ல அந்தக் காலத்துல பொண்டாட்டி கையைத் தெருவுல பிடிச்சவன் நான் ஒருத்தன்தான்.

ஆபீசர் பக்கத்துல வந்தாரு. "என்ன அங்கமுத்து, ரேடியோ எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு.

"எந்த ரேடியோங்க?"ன்னேன்.

சத்தியமாங்க. அந்த நேரத்துல எனக்கு ஞாபகமே வரலை. மனப்பாடம் பண்ணினது, எலி, வயரு, ஒண்ணும் இல்லை. அவ நெத்தியிலயே கண்ணு நின்னு போச்சு.

ஆபீசர் சிரிச்ச சிரிப்பு இருக்கே. "சந்தேகமே இல்லை, விட்டுட்டார். ஒரு ஆளைக் காட்டச் சொன்னேன், காட்டிட்டீங்க. ரேடியோ இங்கேயே இருக்கட்டும்"னு சொன்னாரு. ஊரே கையைத் தட்டுச்சு. செங்கோடன் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. வாயில்லாத மாட்டுக்கே கண்ணீர் விடாத மனுஷன் அவரு.

நாங்க ரெண்டு பேரும் நடந்து வந்தோம். பாவாயி பேசிக்கிட்டே வந்தா. ரேடியோ ஸ்டேஷன்ல சத்தம் எதிரொலிக்காம இருக்கச் சுவரு பூரா துணி ஒட்டியிருக்காங்களாம், நல்ல கெட்டித் துணி வீணாப் போகுதுன்னு வருத்தப்பட்டா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் சாவடிக்குப் போறது குறைஞ்சு போச்சு. வேற ஒண்ணுமில்லை, கடையில வேலை அதிகம், ரெண்டு பேரும் சேந்து உக்காந்து தைச்சாத்தான் தீரும். சாவி எங்க போச்சுன்னே தெரியலை, செங்கோடன் வெச்சிருக்காருன்னு பேச்சு.

அந்த ஆபீசர்தான் போற ஊர்ல எல்லாம் என் கதையைச் சொல்லி என்னைக் குடிகாரன் ஆக்கிட்டாரு. இந்தா, கைகாட்டி தெரியுது. நான் எழுந்திரிக்கணும். நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க. ஒரு வாய் குடிக்காத மனுஷன் எதைங்க விட்டிருக்க முடியும்? பாவாயிகிட்ட நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் ஊசியைத் துணியில குத்தி வெச்சுட்டு, எம் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கறா. "எதையோ விட்டீங்க, வீட்டுக்கு வந்தீங்க, அது போதும்"ங்கறா. எதைன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாங்க.